கணிப்பொறிக்குள் ஒரு கருவறை!

யானையின் நெற்றியிலே எந்த நாமம் தீட்டுவது, வடகலையா தென்கலையா என்று வழக்கு மன்றம் ஏறிய நாடு நம் நாடு. அதனால் யானைக்குக் கிடைத்தது என்ன? கரும்பா, கவளமா, காட்டுக்குத் திரும்பும் விடுதலையா? ஒன்றுமில்லை. காலிலே சங்கிலி அப்படியே கிடந்தது. நெற்றிக்கு மட்டுந்தான் நீதி கேட்டார்கள்!

இதைச் சொன்னால் இன்றைய இளைஞர் சிரிப்பர், சிரிக்கத்தான் வேண்டும். ஆனால், சிரித்து முடித்த அதே நண்பர், கைப்பேசியை மேசைமீது வைத்து, "ஆப்பிளுக்கு ஈடு எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்!" என்று ஆரம்பிப்பார். எதிரே இருப்பவர் ஆண்ட்ராய்டின் அருமை பெருமைகளை அடுக்குவார். மூன்றாமவர் விண்டோசின் வீரம் பேசுவார். நான்காமவரோ, "மூவரும் அடிமைகள், லினக்ஸ் கொண்ட நானே விடுதலை பெற்றவன்!" என்று முழங்குவார். தேநீர் ஆறிவிடும்; சொற்போர் ஆறாது. எங்கள் ஊர்ப் படிப்பகத்திலே, நாளேடுகளைப் புரட்டும் ஓசையைவிட இந்த முழக்கமே மாலைதோறும் மிகுதி. தேர்தல் காலத்தில்கூட இவ்வளவு சூட்டை நான் அங்கே கண்டதில்லை.

வாதமே வேண்டாமென்று வாய்ப்பூட்டுப் போட வந்தவனல்லன் நான். வாதமின்றி வளர்ச்சி ஏது? நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான், தம்பி! நெற்றியைப் பற்றிப் பேசுகிறோமா, சங்கிலியைப் பற்றிப் பேசுகிறோமா?

இயங்குதளம் என்கிறோமே, அது கணிப்பொறிக்குள் குடியிருக்கும் காவற்காரன், கணக்குப்பிள்ளையும் அவனே. எந்த நிரல் ஓடலாம், எந்த ஆவணம் திறக்கலாம், எந்தச் செய்தி வெளியே போகலாம் என்பதெல்லாம் அவன் கையில். அழகான சட்டை போட்டிருக்கிறானா, விரைவாக நடக்கிறானா என்றெல்லாம் பார்க்கிறோம், நல்லது. அவன் யார் சொல்லைக் கேட்பவன்? விலை கொடுத்த நம் சொல்லையா, அவனை அனுப்பிவைத்த முதலாளியின் சொல்லையா? அதைக் கேட்டோமா?

வீண் ஐயம் என்று நினைக்கவேண்டாம். 2009-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமேசான் நிறுவனம் தன்னிடம் மின்னூல் வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளுக்குள் தொலைவிலிருந்தே கைவிட்டு, ஒரு நூலை அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லாத பதிப்பு என்பது காரணம். பணமும் திருப்பித் தரப்பட்டது. பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். அழிக்கப்பட்டது என்ன நூல் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'! ஆட்சியாளர் ஆவணங்களை அழித்து வரலாற்றை மாற்றும் கொடுமையைக் கூறும் நாவல்! புத்தகக் கடைக்காரர் நள்ளிரவில் நம் வீட்டு அலமாரியைத் திறந்து, விற்ற நூலை எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டுப் போனால் அவரைக் கள்வர் என்போம். கருவிக்குள் நடந்தால் அதற்குப் பெயர் 'சேவை'!

2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. மின்கலம் நலிந்த பழைய ஐபோன்களை, அவை திடீரென நின்றுவிடாதிருக்கும் பொருட்டு, தன் மென்பொருளே வேகம் குறைத்து வந்தது என்று. காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும்; உடையவனிடம் சொல்லியிருக்கவேண்டாமா? பேசி மெதுவாகிவிட்டது, புதிதாக வாங்கவேண்டும் என்று எண்ணியவர் எத்தனை பேரோ! அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கிலே, குற்றத்தை ஏற்காமலேயே, 50 கோடி டாலர் வரை கொடுக்க 2020-இல் இசைந்தது அந்நிறுவனம்.

ஆக, காவற்காரன் யாருக்கு வேலை செய்கிறான் என்பதை அறிய வேண்டுமானால், அவனுக்கு எழுதிக் கொடுத்த கட்டளைகளைப் படிக்க வேண்டும். அதைத்தான் மூலநிரல் என்கிறோம். படிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "உள்ளே வராதே! வெளியே நின்று வணங்கு! காணிக்கையை மட்டும் செலுத்து!" எங்கேயோ கேட்ட குரலாக இல்லையா?

இந்தக் கருவறைக்கும் ஒரு தலபுராணம் உண்டு. 1976-இல் பில் கேட்ஸ், கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்: எங்கள் நிரலைக் காசின்றிப் படியெடுக்கிறீர்களே, உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா என்று. உழைப்புக்கு ஊதியம் கேட்டது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், கூலி கேட்பது வேறு. கதவை இழுத்துப் பூட்டுவது வேறு. 1981-இல் ஐ.பி.எம். கணிப்பொறிக்கென மைக்ரோசாப்ட் கொடுத்த இயங்குதளம், சியாட்டில் நகரத்து இன்னொரு நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. அதை மற்றவர்க்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட ஒப்பந்தத்தால் வந்தது பின்னாளைய பேரரசு.

மறுபக்கம் ஒரு மனிதர், ரிச்சர்டு ஸ்டால்மன். 1980-ஐ ஒட்டிய காலத்தில், எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஓர் அச்சுப்பொறி. அடிக்கடி தாள் சிக்கும். பழைய பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் அனைவருக்கும் அறிவிக்கும்படி செய்திருந்தார் அவர். புதிய பொறியின் நிரலைக் காட்டு என்று வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டார். 'காட்டமாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன்' என்று விடை வந்தது. அறிவுக்கூடத்திலேயே அறிவுக்குத் தடை! 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் எல்சிங்கியில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 அகவை மாணவர் எழுதிய கருநிரல் அதனோடு சேர்ந்தது. அதுவே லினக்ஸ். 2017 நவம்பர் முதல், உலகின் மிகு வேகக் கணிப்பொறிகள் ஐந்நூற்றின் பட்டியலில் ஐந்நூறும் லினக்ஸ்! ஆண்ட்ராய்டின் அடித்தளமும் அதுவே. "லினக்சா, அதை எவன் தொடுவான்?" என்று கேலி பேசும் நண்பரின் சட்டைப்பையிலேயே அது உறங்கிக்கொண்டிருக்கிறது!

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சினத்தோடு எழுதுகிறேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு.

தஞ்சையிலே ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். 1997-இல், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஏரிப் பாசனம் பற்றி உழவர் நாவில் வழங்கும் சொற்களைத் தொகுத்துக் கொண்டுவந்தார். மதகு, கலிங்கு, கரை, மடை என்று தொடங்கி, எந்த அகராதியிலும் நான் கண்டிராத சொற்கள், அறுநூறு பக்கம், இருபதாண்டு காலம் ஊர் ஊராய் அலைந்து சேர்த்தவை. அன்று தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு வகை. ஒரு நிறுவனத்தின் 'க' இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளில் வேறெழுத்தாய் விழிக்கும். நாங்கள் வாங்கிய மென்பொருளுக்கோ, கணிப்பொறியின் முதுகிலே செருகும் ஒரு பூட்டு உண்டு; டாங்கிள் என்போம். அது இருந்தால்தான் கோப்புத் திறக்கும்.

2009-இல் ஆசிரியரின் மகள் வந்தார். தந்தை மறைந்துவிட்டார், மறுபதிப்பு வேண்டுமென்றார். கோப்பு இருந்தது. பூட்டைச் செருகும் துளை புதிய கணிப்பொறியில் இல்லை. விற்ற நிறுவனமும் இல்லை. கதவடைத்துப் பல ஆண்டுகள். என்னென்னவோ செய்து கோப்பைத் திறந்தால், திரை முழுதும் கோடும் புள்ளியும் கொக்கியும்! அந்த அம்மையார் திரையையே பார்த்துக்கொண்டு, "இதிலே அப்பா எழுதியது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எழுதியவர் தமிழர், எழுத்து தமிழ், பணம் கொடுத்தவர் நாங்கள். திறவுகோல் மட்டும் எவனிடமோ! அச்சிட்ட படி ஒன்று அந்த அம்மையார் வீட்டில் இருந்ததால் தப்பினோம். முதல் எழுத்திலிருந்து மீண்டும் தட்டச்சு. நானே மீண்டும் மெய்ப்பு. மூன்று திங்கள் ஓடின. படி இல்லாத நூல்கள் எத்தனை, எந்த அச்சகத்து மூலையில், எந்தப் பழந்தட்டில் மாண்டு கிடக்கின்றனவோ!

பொதுவான குறியீடு ஒன்று வேண்டுமென்று 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டினர். தமிழ் 99 விசைப்பலகை பிறந்தது அங்கேதான். 2010-இல் ஒருங்குறியை அரசு தரமாக ஏற்றது. இன்று நான் எழுதுவதை எந்தக் கருவியிலும் நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், குறியீடு யாருடைய உடைமையுமாக இல்லாததே காரணம்.

ஆங்கிலத்திலே 'ஃப்ரீ' என்றால் இலவசமா, விடுதலையா என்ற குழப்பம். ஸ்டால்மன் பல்லாண்டுகளாக இதற்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்பது வேறு சொல். கட்டற்றது என்பது வேறு சொல். கட்டற்ற மென்பொருளை விலைக்கும் விற்கலாம். வாங்கியவன் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். "நிரலைத் திறந்து வைத்தால் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்?" என்று கேட்பார்கள். ஊராட்சிக் கணக்கைச் சுவரில் ஒட்டச் சொல்கிறோமே, ஊரார் எல்லாருமா கூட்டிப் பார்க்கிறார்கள்? எவனாவது ஒருவன் பார்ப்பான் என்ற அச்சம் போதாதா? ஆனால் ஒன்று: எவனும் பாராவிட்டால் திறந்த கதவும் பயன்படாது. 2014-இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீடு' என்னும் ஓட்டை, திறந்த நிரலிலேயே ஈராண்டு காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

அரசியலுக்கு வருகிறேன். செர்மனியின் மியூனிக் நகராட்சி, விண்டோசைக் கைவிட்டு லினக்சை ஏற்பதென 2003-இல் முடிவு செய்தது. மைக்ரோசாப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர், விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயரைக் காண ஓடோடி வந்தார். பதினாலாயிரம் கணிப்பொறிக்காகவா? அன்று, தம்பி! ஒரு நகரம் எழுந்து நின்றால் மற்ற நகரங்களும் எழுந்துவிடுமே என்ற கவலை! பத்தாண்டுப் பாடுபட்டு மாற்றத்தை முடித்தது நகராட்சி. பிறகு மேயர் மாறினார். 2016-இல் மைக்ரோசாப்ட் தன் செர்மானியத் தலைமையகத்தை மியூனிக் நகருக்குள் கொண்டுவந்தது. 2017-இல் நகர்மன்றம் மீண்டும் விண்டோசுக்கே திரும்ப வாக்களித்தது. கட்டடம் வந்ததால் கருத்து மாறியது என்று நான் எழுதமாட்டேன். சான்று இல்லாததைச் சொல்வது நமக்கு அழகன்று. ஊழியர்களின் குறைகள் மெய்யாகவே இருந்தன. வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் ஒழுங்காகத் திறக்கவில்லை. 2020-இல் பசுமைக் கட்சியும் சமூக சனநாயகக் கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தபோது, இயன்ற இடமெல்லாம் கட்டற்ற மென்பொருள் என்று மறுபடியும் உடன்பாடு எழுதினார்கள். இயங்குதளம் வாக்குச் சீட்டோடு மாறுகிறது. அரசியல் வேண்டாம், தொழில்நுட்பம் மட்டும் பேசுவோம் என்பார் கவனிக்கட்டும்.

தொலைதூரக் கதை என்று தள்ள வேண்டாம். 2025 சூலையில், குசராத்தின் வாடினாரில் எண்ணெய் ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்தின்மேல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதிலே ஏறத்தாழப் பாதிப் பங்கு உருசிய நிறுவனத்துடையது. சில நாளில் மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. மின்னஞ்சல் போயிற்று! டெல்லி உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். சேவை திரும்ப வந்தது. அந்த முதலாளிகளுக்காக நான் கண்ணீர் விடவில்லை. போரைப் பற்றிய தீர்ப்பும் அன்று இது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி, பணமும் செலுத்தி நடந்த ஒரு நிறுவனத்தின் விளக்கை, கடல் கடந்த விரல் ஒன்று அணைக்க முடிந்தது. நாளை அது மருத்துவமனையானால்? கருவூலமானால்?

அண்டைக் கேரளத்தில் 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம், சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்களைப் பயிற்றினார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள். நம் நாட்டிலும் எல்காட் ஒரு காலத்தில் லினக்ஸ் பக்கம் முகம் திருப்பியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில், விண்டோசோடு சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இரண்டு கதவு வைத்தோம். ஒன்றைத் திறக்கக் கற்பித்தவர் பலர், மற்றதைத் திறக்கக் கற்பித்தவர் சிலர். எனக்குத் தெரிந்த மாணவர் பலரும் இடம் போதவில்லையென்று பாஸை முதல் வாரத்திலேயே அழித்துவிட்டார்கள். படம் பார்க்க இடம் வேண்டுமல்லவா!

மாணவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. லினக்ஸ் அன்பர் சிலரிடமும் ஒரு நோய் உண்டு. புதிதாக வந்தவன் ஐயம் கேட்டால், "கையேட்டைப் படித்துவிட்டு வா!" என்று விரட்டுவார்கள். கருந்திரையில் கட்டளை ஓதுவதையே பெருமையெனக் கருதி, புரியாதவனை இழிவாகப் பார்ப்பார்கள். கருவறையை உடைக்க வந்தவர்கள் தாங்களே பூசாரிகளாய் நின்றுகொண்டால், ஏமாந்தவன் பழைய கோயிலுக்கே போவான். அவன்மேல் என்ன குற்றம்?

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. புதிய பதிப்போ, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இல்லாத கணிப்பொறிகளை ஏற்பதில்லை. நல்லபடி ஓடும் பொறிகள் ஒரே நாளில் தீண்டத்தகாதன ஆகிவிட்டன! அப்படி ஓர் அலுவலகம் ஒதுக்கிய நான்கு கணிப்பொறிகளை எங்கள் படிப்பகத்துக்குக் கேட்டு வாங்கினோம். சொற்போர் வீரர் நால்வரிடமும், ஆளுக்கொன்றைப் பிரித்துத் துடைத்து லினக்ஸ் நிறுவும்படி சொன்னேன். ஐபோன் அன்பர்தான் முதலில் முடித்தார். தமிழ் 99 விசைப்பலகையும் அமைத்தாயிற்று. பத்தாம் வகுப்புப் பெண்கள் இருவர் நாள்தோறும் வந்து, ஊர்க் கிணறுகளின் கணக்கைத் தட்டச்சு செய்கிறார்கள். அச்சுப்பொறி மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அதற்குரிய நிரலைத் தர மறுக்கிறது அதைச் செய்த நிறுவனம்.