ஜனவரி ரொட்டிக்கு ஆகஸ்ட் காய்

பென்சில்வேனியாவில் ஆகஸ்ட் மாதம் யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு காயைத் திணித்துத்தான் அனுப்புகிறார்கள். அதன் பெயர் சுக்கினி. பார்வைக்கு வெள்ளரிக்காய், உறவுக்குப் பரங்கிக்காய். ஒன்றிரண்டு செடி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஆசைப்பட்டு நாலைந்து வைத்துவிடுகிறார்கள். சில நாள் பறிக்காமல் விட்டால் முழங்கை நீளத்துக்குப் பெருத்துவிடும். பக்கத்து வீட்டு வாசலில் ஆளுக்குத் தெரியாமல் சுக்கினியை வைத்துவிட்டு வருவதற்கென்றே ஆகஸ்ட் 8ஆம் தேதியை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், விளைச்சல் எப்படி இருக்கும் என்று பாருங்கள்!

நான் அம்பத்தூர்க்காரி. காய் மிஞ்சினால் எனக்கு மொட்டைமாடி இருக்கிறது. சித்திரை வெயிலில் கொத்தவரங்காயும் சுண்டைக்காயும் மோர்மிளகாயும் பழைய வேட்டியில் காய்ந்து வற்றலாகிவிடும். அந்த வெயில் இல்லாத ஊரில் என்ன செய்வார்கள்? மகள் குடியிருக்கும் தெருவில் ஒரு மூதாட்டி என்னைத் தன் சமையலறைக்கே அழைத்துப்போய்க் காட்டினார்.

காயைத் தோலோடு துருவினார். துருவலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியில் ஓரிரு நிமிடம் வைத்தார். வெள்ளை மறைந்து உள்ளே வெளிச்சம் தெரிகிற பதம் வந்ததும் எடுத்து டப்பாக்களில் அடைத்தார். டப்பாவைக் குளிர்ந்த நீரில் ஆறவைத்து, மூடி, ஃப்ரீசரில் அடுக்கினார். உறைந்த காயிலும் நொதிகள் மெல்ல வேலைசெய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்குமாம். அதைத் தடுக்கத்தான் ஆவி. உறையும்போது நீர் விரியும் என்பதால் ஒவ்வொரு டப்பாவின் மேலேயும் அரை அங்குலம் காலி இடம்.

இத்தனையும் புரிந்தது. ஒவ்வொரு டப்பாவிலும் சரியாக இரண்டு கப் அளந்து போட்டாரே, அது மட்டும் புரியவில்லை. மகளிடம் கேட்டேன். "அவங்க ரொட்டிக்கு ரெண்டு கப் வேணும்மா" என்றாள். வெளியே வியர்க்கிறது, இவரோ பனி கொட்டும் ஜனவரியில் சுடப்போகும் ரொட்டிக்கு அளந்துகொண்டிருக்கிறார்! அந்த முன்யோசனையை நான் இன்றும் வியக்கிறேன்.

கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் காய்ச்சி வைக்கும் பழைய முறையைச் சுக்கினிக்கு அவர் தொடுவதில்லை. புளிப்பில்லாத காய் அது. பாட்டுலிச நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. வினிகர் ஊற்றிய ஊறுகாய் என்றால் பரவாயில்லை.

எனக்காக அன்றே ஒரு ரொட்டி சுட்டார். பெயர்தான் ரொட்டி, உண்மையில் அது கேக். ஈஸ்ட் கிடையாது. மைதா, முட்டை, எண்ணெய், சர்க்கரை, சமையல் சோடா, பட்டைத்தூள், வால்நட். 175 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வெட்டிய துண்டில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. காய்ச் சுவை துளியும் இல்லை. சுக்கினியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் தண்ணீர்தான். அந்த ஈரம்தான் மறுநாளும் கேக்கை வறளாமல் வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை ரேஷனில் கிடைத்த காலத்தில், பிரிட்டனின் வீட்டுப்பெண்கள் இனிப்புக்காகக் கேரட்டைத் துருவிப்போட்டதும் கேக்கில் காய் சேர்க்கும் இந்த வழிதான்.

சாப்பிடும்போது திருமழிசை நினைவு வந்தது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடி, பூந்தமல்லிக்கு அப்பால் அங்கே மாற்றினார்கள். விற்காத காய்கறி எவ்வளவு வீணாய்ப் போயிற்று! இன்று ஆவடியிலும் அம்பத்தூரிலும் எத்தனையோ வீடுகளில் ஓடிஜி அடுப்பு இருக்கிறது. பிறந்தநாள் கேக்கும் வீட்டிலேயே ஆகிறது. நம் வீட்டுச் சுரைக்காயும் பரங்கிக்காயும் அதற்குள் போகலாமே! பட்டைக்குப் பதில் ஏலக்காய், வால்நட்டுக்குப் பதில் முந்திரி. சுரைக்காய்த் துருவலை உறையவைத்திருந்தால், உருகியதும் தேங்கும் நீரை வடித்துவிட்டு மாவில் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னால், காயை வெட்டியதும் ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. அடுப்புச் சூட்டில் போகாது.