ஒரு சொல்லுக்கு மூன்று பிறவிகள்

சொல்வங்கி தொகுக்கும் மொழியியல் மாணவர் பலரிடமும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கும். கோப்பின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, செட் கொண்டு திருத்தி, கட் கொண்டு பிரித்து, கிரெப் கொண்டு சரிபார்க்கும் சிறு நிரல் அது. லினக்ஸ் கணினியில் சில நிமிடங்களில் முடியும் அந்நிரல், விண்டோஸ் மடிக்கணினியில் ஒரு பிற்பகலையே விழுங்கிவிடுகிறது. அப்படிக் காத்திருந்து சலித்த இளைய ஆய்வாளர் ஒருவர், "எனக்கு இதெல்லாம் வராது, அக்கா" என்று கணினிவழி ஆய்வையே கைவிட எண்ணினார். குறை அவரிடம் இல்லை.

செட், கட், கிரெப் ஆகியவற்றை அழைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய செயல்முறை பிறந்து, கணப்பொழுது உழைத்து, மடிகிறது. யூனிக்ஸ் மரபில் இப்பிறப்புக்கு வழி ஃபோர்க். தாய்ச் செயல்முறையின் நினைவகம் உடனே படியெடுக்கப்படுவதில்லை. இருவரில் ஒருவர் மாற்றி எழுதும்வரை பக்கங்கள் பொதுவிலேயே இருக்கும். ஆதலால் செலவு குறைவு. விண்டோஸில் நிரல்களுக்கென அத்தகைய ஃபோர்க் கிடையாது. அங்கே கிட்டுடன் வரும் பாஷ், சிக்வின் வழிவந்த அடுக்கின்மேல் ஓடுகிறது. அவ்வடுக்கு புதிய செயல்முறையைத் தொடங்கி, தாயின் நினைவகத்தை அதற்குள் நகலெடுத்து, ஃபோர்க்கைப் போலச் செய்துகாட்டுகிறது. வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனையும் சேர்ந்தால் தாமதம் இன்னும் கூடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 லட்சம் சொற்கள், சொல்லுக்கு 3 பிறவிகள். பிறவிக்கு 1 மில்லிநொடி என்றால் மொத்தம் 5 நிமிடம். 30 மில்லிநொடி என்றால் இரண்டரை மணிநேரம். சொற்களைப் பகுத்தாய்வதில் செலவானதன்று இந்நேரம். பிறப்பிலும் இறப்பிலும் கரைந்தது.

தீர்வு எளிது: பிறவிகளைக் குறைத்தல். ஒட்டுகளை நீக்குவது போன்ற சிறு வேலைகளைப் பாஷின் உள்வசதிகளே செய்யும். பெரிய வேலையானால் கோப்பு முழுவதையும் ஒரே ஆக் நிரலிடம் ஒப்படைக்கலாம். 1977இல் பெல் ஆய்வகத்தில் உருவான அக்கருவி, ஒரே செயல்முறையாக நின்று எல்லா வரிகளையும் படித்துவிடும். 3 லட்சம் பிறவிகள் ஒன்றாகச் சுருங்க, இயங்குதளங்களுக்கு இடையிலான இடைவெளியும் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

மொழியறிவு வேறு, மொழிச்செயற்பாடு வேறு என்று சாம்ஸ்கி 1965இல் பிரித்துக் காட்டியதை நாம் பாடமாகப் படிக்கிறோம். அந்த வேறுபாட்டை நம் மாணவர்களுக்கும் பொருத்திப் பார்ப்பது நியாயம். நிரலைப் பகிரும் நண்பர்களே, அதை வாங்குபவரின் கணினியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.