மேலும் கீழும்

கோலா சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோருக்கு மழையின் போக்கு நன்கு தெரியும். ஒரு டிவிஷனில் மழை கொட்டும். அடுத்த டிவிஷனில் வெயில் காயும். உலகத் தட்பவெப்பத்தைக் கணிக்கும் மாதிரிகளுக்கோ இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. அவை உலகைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் ஒன்றுக்கு ஒரு மழையளவையே தருகின்றன.

மலேசியத் தேசிய நீர் ஆய்வுக் கழகம் 2006இல் வெளியிட்ட தீபகற்ப மலேசிய ஆய்வுக்கு அடிப்படையாய் அமைந்த கனடிய மாதிரியில், கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 410 கிலோமீட்டர். கோலா சிலாங்கூர்க் கடலோரமும் கேமரன் மலையும் ஒன்றாய் அடங்கத்தக்க பரப்பு அது. ஆய்வாளர்கள் வட்டார மாதிரியொன்றின் துணையால் அதனை 9 கிலோமீட்டர்க் கட்டங்களாக நுணுக்கினர். ஒரு கட்டம் இருந்த இடத்தில் ஏறத்தாழ 2,000 கட்டங்கள் தோன்றின.

இச்செயலை வானிலையியலார் 'டவுன்ஸ்கேலிங்' என்பர். கட்டத்தின் நீளம் குறைவதால் அப்பெயரில் 'கீழ்' புகுந்தது. ஒளிப்படத் துறையினரோ புள்ளிகளை மிகுவிப்பதை 'அப்ஸ்கேலிங்' என்பர். எண்ணிக்கை கூடுவதால் அங்கே 'மேல்' வந்தது. நிலப்படம் வரைவோர் 1:25,000 படத்தைப் பேரளவுப் படம் என்றும், 1:1,000,000 படத்தைச் சிற்றளவுப் படம் என்றும் கூறுவர். பின்னத்தின் மதிப்பே அவர்களுக்கு அளவுகோல்.

அவரவர் துறையில் அவரவர் சொல் சரியே. தமிழாக்கும்போதுதான் இடர் நேர்கின்றது. 'அளவுக் குறைப்பு' என்று எழுதிவிட்டால், தஞ்சோங் காராங் நெல் விவசாயி விவரங்கள் குறைக்கப்பட்டன என்றே கொள்வார். நடந்ததோ அதற்கு நேர்மாறு.

மற்றொரு மயக்கமும் உண்டு. அண்டைக் கட்டங்களின் மதிப்புகளுக்கு இடைப்பட்ட எண்களை நிரப்பியும் நுண்கட்டங்களை ஆக்கலாம். அவ்வாறு ஆக்கியவற்றில் புதுச் செய்தி ஏதுமில்லை. மலையும் கடலும் காற்றைத் திருப்பும் விதத்தைக் கணக்கிட்ட நுண்கட்டங்களிலோ அது உண்டு. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். விதைப்பு நாளையும் வாய்க்கால் கொள்ளளவையும் முடிவு செய்வோர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், இழப்பு வயலுக்கே.

ஆதலின், 'மேல்', 'கீழ்' என்னும் அடைகளைத் தமிழ் இரவல் வாங்க வேண்டுவதில்லை. 'கட்டம் நுணுக்கல்', 'கட்டம் தொகுத்தல்' என்றாலே செயல் விளங்கிவிடும். எத்தனை கிலோமீட்டரிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்கு, எம்முறையால் என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். பாடநூலில் இவ்வாறு எழுதப்படுமாயின், தோட்டத்துப் பள்ளிப் பிள்ளையும் கணிப்பைப் படித்து, அது தன் ஊர் மழையைச் சொல்கிறதா, பாதி நாட்டின் சராசரியைச் சொல்கிறதா என்று கேட்கும்.