நாற்காலி யாத்திரை

ஜீவராசிகளின் வரலாற்றையே திருத்தி எழுதிய சார்லஸ் டார்வின், 1831-ஆம் ஆண்டு டிசம்பரில் பிளிமத் துறைமுகத்தில் பீகிள் கப்பல் பாய் விரித்த நாள் முதல் 1836-இல் ஊர் திரும்பும் வரையில், கடல் கொந்தளித்த போதெல்லாம் தொங்கு படுக்கையில் சாய்ந்து, உலர்ந்த திராட்சையும் பிஸ்கோத்தும் தவிர வேறொன்றும் உள்ளே செல்லாமல் அவதிப்பட்டார் என்பதும், கடற்போர்களில் இங்கிலாந்துக்கு வெற்றி தேடித்தந்த நெல்சனுக்கும் காற்று பலத்து வீசினால் குமட்டல் வந்துவிடும் என்பதும், பஸ் ஒத்துக்கொள்ளாத என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொள்ளாமல் நான் அவற்றை ஒரு தடவையும் கடந்ததில்லை. இப்படிப்பட்ட தேகவாகு படைத்த நான், அறுபது பிராயம் கடந்த பிறகு, பெங்களூரில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்தபடியே எகிப்துக்கும் அமெரிக்காவுக்கும், பூமிக்கு மேலே நானூறு கிலோமீட்டர் உயரத்துக்கும் போய் வந்தேன். அந்தப் பிரயாணத்துக்கு உதவிய சாதனத்தைக் காட்டிலும், அதை என் சரீரம் அங்கீகரிக்கும்படி செய்த நிதானத்தைப் பற்றியே இங்கே அதிகம் எழுத விரும்புகிறேன்.

சாதனம் பார்வைக்கு எளியதுதான். நெற்றியிலிருந்து மூக்கு வரையில் முகத்தை மூடி, பின்னந்தலையில் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொள்ளும் ஒரு கூடு. அதற்குள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வில்லைகள். வில்லைகளுக்கு அப்பால் சின்னஞ்சிறு திரைகள். கைகளில் பிடித்துக்கொள்ள இரண்டு விசைப்பிடிகள். வி.ஆர். ஹெட்செட் என்று சொல்கிறார்கள். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்து உலகம் கண்முன்னே வந்து நிற்கும். கணினித் தொழிலில் இருக்கும் என் மருமகன் வெளியே போயிருந்த ஒரு மாலையில், அவனுடைய நண்பர் ஒருவர், விருந்தாளியை மகிழ்விக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு இதை எனக்கு மாட்டி, ஆகாசத்தில் தண்டவாளம் போட்டு ஓடும் ஒரு ரோலர் கோஸ்டரில் ஏற்றிவிட்டார். வண்டி உச்சிக்கு ஏறும் வரையில் காட்சி ரம்மியமாகவே இருந்தது. அது தலைகுப்புறக் கவிழ்ந்து பாதாளத்தை நோக்கிப் பாய்ந்த க்ஷணத்தில், நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்க, என் குடல் மட்டும் வண்டியோடு போயிற்று. முதலில் ஒரு கொட்டாவி, அப்புறம் வாயில் நீர் ஊறல், அதன் பின் நெற்றியில் குளிர்ந்த வியர்வை. கழற்றி வைத்த பிறகும், அன்று இரவு ரசத்தின் வாசனைகூட எனக்கு ஆகவில்லை. புதிதாக வருகிறவரைப் பிடித்து முதலில் இதிலே ஏற்றுவது உபசாரம் ஆகாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரே ஒரு தடவை இதைப் போட்டுப் பார்த்துவிட்டு இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லும் பலரை நான் சந்தித்திருக்கிறேன், விசாரித்தால் அவர்கள் ஏறிய வண்டியும் இதுவாகவே இருக்கிறது.

உடம்பு ஏன் இப்படிச் சண்டித்தனம் செய்கிறது என்பதற்கு விஞ்ஞானிகள் கூறும் சமாதானம் சுவையானது. ஒவ்வொரு செவியின் உட்பாகத்திலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன; அவற்றில் நிறைந்துள்ள திரவம், தலை திரும்பும்போது சற்றே பின்தங்கி அசைந்து, அந்தத் திருப்பத்தை மூளைக்கு அறிவிக்கிறது. பக்கத்தில் உள்ள இரண்டு சிறு பைகளில் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் இருந்துகொண்டு, முன்னே பாய்வதையும் கீழே விழுவதையும் தெரிவிக்கின்றன. கப்பலின் அறைக்குள்ளே இருப்பவனுக்குச் செவி ஆடுகிறோம் என்கிறது, சுவரைப் பார்க்கும் கண்ணோ அசையவில்லை என்கிறது. ஹெட்செட் அணிந்தவனுக்குக் கண் பாய்கிறோம் என்கிறது, செவியோ சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இந்த முரண்பாடே எல்லா உபத்திரவத்துக்கும் மூலம் என்று 1975-இல் ரீசன், பிராண்ட் என்ற இருவர் ஒரு நூலில் விரிவாக எடுத்துரைத்தனர். சரி, சாட்சிகள் முரண்பட்டால் வயிறு ஏன் புரளவேண்டும் என்று கேட்கத் தோன்றும் அல்லவா? அதற்கும் 1977-இல் டிரைஸ்மன் என்பவர் ஒரு காரணம் ஊகித்தார்: கண்ணும் செவியும் இப்படி ஒத்துப்போகாமல் இருப்பது, இயற்கையில், விஷத்தை உண்டவனுக்கே நேரக்கூடியது, ஆகையால் மூளையானது, தின்றது எதுவாயினும் வெளியே தள்ளு என்று கட்டளையிடுகிறது. இது ஊகமே ஆயினும் எனக்கு இதன்மேல் ஒரு பிரியம் உண்டு. இதன்படி என் வயிறு கோழை அன்று, எஜமானனிடம் சற்று அதிக விசுவாசம் வைத்த காவற்காரன்.

செவிக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை விளக்க ஒரு சம்பவம் போதும். 1950-களின் பிற்பகுதியில், பிற்காலத்து விண்வெளிப் பிரயாணங்களை உத்தேசித்து, அமெரிக்காவின் கால்லடெட் கல்லூரியைச் சேர்ந்த, காது கேளாத பதினொரு பேரை அந்நாட்டுக் கடற்படையினர் பரிசோதனைக்கு அழைத்தனர். அவர்களில் பத்துப் பேர் இளம் பிராயத்தில் மூளைக்காய்ச்சல் கண்டு, கேட்கும் சக்தியோடு உட்செவியின் சமநிலை உணர்வையும் இழந்தவர்கள். நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால் அலைகள் மலையாக எழும் கடலில் அவர்களைக் கொண்டுபோனபோது, அவர்கள் பாட்டுக்குச் சீட்டாடிக்கொண்டு உல்லாசமாக இருந்தார்களாம்; அவர்களைக் கவனித்துக் குறிப்பெழுத வந்த விஞ்ஞானிகளே குமட்டல் தாங்காமல் பரிசோதனையை நிறுத்தும்படி ஆயிற்றாம்.

கண்ணுக்கும் செவிக்கும் நடக்கும் இந்தச் சண்டையைத் தீர்க்கும் காரியத்தில் பாதியை யந்திர நிபுணர்கள் செய்து முடித்திருக்கிறார்கள். 1968-இல் ஐவன் சதர்லாந்து அமைத்த தலைக்கவசம் பளு தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. 2013-இல் நிரல் எழுதுவோருக்காக வெளிவந்த ஆக்குலஸ் ரிஃப்ட் மாதிரிக் கருவி தலை திரும்புவதை மாத்திரம் அறியும். முன்னே குனிந்து ஒரு பொருளை நெருங்கிப் பார்க்க முயன்றால் அது அறியாது. 2016-இல் கடைக்கு வந்தவையோ தலை நகர்வதையும் கண்டுகொண்டு, ஒரு விநாடிக்கு 90 சித்திரங்கள் வீதம் காட்டின. தலை அசைவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் ஆகக்கூடாது என்பது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். மீதிப் பாதி, அணிகிறவனுடைய பொறுப்பு.

அந்தப் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் என் மருமகன். நடந்ததைக் கேள்விப்பட்டு நண்பரைக் கடிந்துகொண்ட பின், “மாமா, இனிமேல் நான் சொல்கிறபடி செய்யுங்கள். முதல் கொட்டாவி வந்தவுடன் கழற்றிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை” என்றான். பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பழகிவிடும் என்று நினைப்பவர்கள், பழகுவதற்கு மாறாக, அந்தக் கூட்டைக் கண்ணால் கண்டாலே குமட்டும் நிலைக்குத் தங்கள் உடம்பைத் தாங்களே பழக்கிவிடுகிறார்கள் என்பது அவனுடைய சித்தாந்தம். கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அதற்குத் தக்கபடி வில்லைகளை நகர்த்தினான். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் என்றும், இது பொருந்தாவிட்டால் கண் வலித்து, வலி தலைச்சுற்றலாக முடியும் என்றும் சொன்னான். மேஜை விசிறி ஒன்றை எதிரே வைத்து, காற்று முகத்தில் படும்படி செய்தான். அதனால் உடல் வியர்க்காமல் இருப்பதோடு, கண்ணை மூடிக்கொண்டவனுக்கு வீட்டின் கிழக்கு எது மேற்கு எது என்ற பிரக்ஞையும் தப்பாமல் இருக்கும். காலுக்கு அடியில் ஒரு மிதியடிப் பாயும், வாய்க்கு இஞ்சி மரப்பாவும் என் தங்கையின் உபயம். முழு வயிறும் கூடாது, வெறும் வயிறும் கூடாது என்று அவள் சொன்ன விதி, மலைப் பாதையில் பஸ் ஏறுமுன் எங்கள் தாயார் சொல்லிக்கொண்டிருந்ததேதான்.

முதல் சில நாட்கள் எங்கும் நகரவில்லை. ஒரு மலைச்சிகரத்திலோ நீர்வீழ்ச்சியின் அருகிலோ நின்று, சுற்றிலும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காபி ஆறுவதற்குள் திரும்பிவிடுவோம். நகராத உலகத்தில் கண்ணுக்கும் செவிக்கும் வழக்கு இல்லை; தலை திரும்பியதைச் செவி சொல்கிறது, கண்ணும் ஆமோதிக்கிறது. உடம்பு சந்தேகத்தை விட்டுக்கொண்டே வந்தது. பிறகுதான் எகிப்து.

லக்சார் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், அரசிகளின் பள்ளத்தாக்கு என்று வழங்கும் இடத்தில், இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் பட்டத்தரசி நெஃபர்தாரியின் கல்லறை இருக்கிறது. இத்தாலியரான எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி 1904-இல் இதைக் கண்டுபிடித்தார். பாறையில் ஊறிய உப்பு படிகமாகிச் சுவர்ப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தபடியால், ‘கெட்டி’ பாதுகாப்பு நிறுவனமும் எகிப்திய அதிகாரிகளும் 1986 முதல் 1992 வரையில் சித்திரங்களை அங்குலம் அங்குலமாகக் காப்பாற்றினார்கள். 1995-இல் கதவு திறந்தபோது நாளொன்றுக்கு 150 பேரையே உள்ளே விட்டார்கள்; மனிதரின் மூச்சும் வியர்வையுமே அங்கே ஈரத்தை ஏற்றி, உப்பை மறுபடியும் எழுப்பிவிடக்கூடும். இந்தக் கல்லறையை ஆயிரக்கணக்கான புகைப்படங்களாலும் லேசர் அளவைகளாலும் அப்படியே பிரதி செய்து, 2018-இல் ஹெட்செட்டுக்கென வெளியிட்டார்கள். நான் வியர்த்தாலும் அது பெங்களூர்த் தரையில்தான் விழும்.

படியிறங்கி முன்மண்டபத்தில் நின்றபோது, அதுவரையில் சித்திரப் புத்தகங்களில் கண்ட எதுவும் எனக்கு உதவவில்லை. அண்ணாந்தால் கருநீல விதானத்தில் மஞ்சள் நட்சத்திரங்கள் வரிசை வரிசையாக; குனிந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அரசியின் வெண்ணிற மடிப்பாடை, அதன் ஊடே தெரியும் மேனியின் நிறம், தலையில் கழுகுச் சிறகு வடிவான பொன் முடி. ஒரு சுவரில் அவள் தனியே அமர்ந்து செனட் என்னும் காய் நகர்த்தும் ஆட்டம் ஆடுகிறாள். நம் வீட்டுத் திண்ணைகளில் தாயம் ஆடிய பாட்டிமார்களின் அதே சாவதானம் அந்த உட்காருகையில் இருக்கிறது. எதிராளி இல்லை. மரணத்துக்கு அப்பாற்பட்ட வழியில் ஜயிப்பதற்கான ஆட்டம் அது என்று எகிப்திய சாஸ்திரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். நான் அவள் முன்னே எவ்வளவு நேரம் நின்றேனோ, விசைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தொடக் கை நீட்டியதாகப் பிற்பாடு என் மருமகன் சொன்னான்.

அங்கே எனக்கு ஒரு கொட்டாவியும் வரவில்லை. அறைகள் சிறியவை, சுவர்கள் அசையாதவை என்பது ஒரு காரணம். நடக்கும் முறை மற்றொரு காரணம். விசைப்பிடியை நீட்டித் தரையில் ஓர் இடத்தைக் குறித்தால், இடைவழியே இல்லாமல் அந்த இடத்தில் நிற்கிறோம். யோகிகள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததாகக் கதைகளில் படிக்கும்போது, அவர்களுக்குத் தலை சுற்றியதாக ஒரு கதையிலும் இல்லாதது ஏன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. வழியைக் கண் பார்க்காதவரையில் செவிக்கு மறுக்க ஒன்றும் கிடையாது.

இவ்வளவு தேறிய பின் பறக்கத் துணிந்தோம். 2016-இல் வெளியான கூகிள் எர்த் வி.ஆர். நிரலில் பூகோளம் முழுவதும் ஆகாசத்தில் மிதக்கிறது. வேண்டிய இடத்துக்கு இறங்கலாம். கொலராடோ நதி குடைந்த கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் பறக்கத் தொடங்கியதும், பார்வையின் ஓரங்கள் மறைந்து, நடுவில் மாத்திரம் ஒரு வட்டத்தில் நிலக்காட்சி ஓட, சுற்றிலும் அசையாத கட்டங்கள் தோன்றின. வேகத்தை முதன்மையாக உணர்வது கண்ணின் ஓரப்பார்வை. ஆதலால் ஓரத்தை நிறுத்தி நடுவை ஓடவிட்டால் குமட்டல் குறைகிறது. காட்சியின் எல்லையை மெல்லச் சுருக்குவதால் அவஸ்தை தணிகிறது என்பதைக் கொலம்பியா சர்வகலாசாலையினர் அதே 2016-இல் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. மருமகன் விசையை வைத்துக்கொண்டு என்னை ஓட்டிச் சென்றபோது நதியின் இரண்டாவது வளைவிலேயே வாயில் நீர் ஊறிற்று. விசையை நானே வாங்கிக்கொண்டு ஓட்டியபோது, அதே வளைவுகள், ஒன்றும் செய்யவில்லை. கொல்லிமலையில் டிரைவர் வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லை. வளைவு வருமுன்பே அவர் கைக்கு அது தெரியும்.

விண்வெளிக்குப் போனபோது இந்தப் பாடம் பெரிதும் உதவிற்று. மிஷன் ஐ.எஸ்.எஸ். என்ற நிரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ளே, சுவரில் உள்ள கைப்பிடிகளைப் பற்றி இழுத்து இழுத்து மிதந்து செல்லவேண்டும். ஒவ்வோர் அசைவும் நம் கையே செய்வது. நிஜ வீரர்களுக்கும் இந்த உபாதை புதிதன்று. 1961-இல் பூமியைச் சுற்றிய ஹெர்மன் திதோவ் விண்வெளியில் முதன்முதலாக வாந்தி எடுத்தவர் என்ற கீர்த்தி பெற்றார். 1985-இல் விண்ணோடத்தில் சென்ற அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் பட்ட அவஸ்தை மிகுதியாயிருந்ததால், விண்வெளிக் குமட்டலை அளக்கும் அலகுக்கே நாஸாவில் வேடிக்கையாக ‘கார்ன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் ராகேஷ் சர்மா 1984-இல் சல்யூத் 7 நிலையத்தில், எடையின்மையின் விளைவுகளைச் சமாளிக்க உதவுமா என்று அறிய, யோகாசனம் செய்து பார்த்தார். இவர்களையெல்லாம் மனத்தில் ஸ்மரித்துக்கொண்டு, ஏழு ஜன்னல்கள் கொண்ட கூபலா என்னும் கூண்டுக்குள் மெதுவாக நுழைந்து, தலையை அநாவசியமாகத் திருப்பாமல், கீழே பூமி உருளுவதைப் பார்த்தேன். நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியை வலம் வருகிறது. ஒரு நாளில் பதினாறு சூரியோதயங்கள். ஒன்றைக் கண்டதோடு திருப்தி அடைந்து இறங்கிவிட்டேன். கழற்றியவுடன் ஸ்கூட்டரில் ஏறிக் கடைக்குப் போகாமல், சிறிது நேரம் கூடத்தில் உலாவிவிட்டுப் போவது நல்லது என்பதையும் சொல்லவேண்டும். தரை தரைதான் என்று கால் நம்புவதற்கு அவகாசம் வேண்டியிருக்கிறது.

பொம்மை உலகில் விசையை அழுத்திச் சீராக நடந்துபோகும் விளையாட்டுகள் மட்டும் எனக்கு இன்னும் ஆகவில்லை. அதுவும் பழகிவிடும் என்கிறான் மருமகன். நடப்பதற்கு எனக்குத் தெரு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், அதுவரையில் அடுப்படியிலிருந்தே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண்மணித் தூரம் அளக்கவும் விடவில்லை. இஞ்சி மரப்பாவையும் வாங்கிக்கொள்ளவில்லை. நேரே கிராண்ட் கேன்யனுக்குள் இறங்கி, ஓரத்தை மறைக்கும் வசதியையும் நிறுத்தச் சொல்லி, பாறைகளுக்கு இடையே புகுந்து புறப்பட்டு, மேட்டர்ஹார்ன் சிகரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சலனமே இல்லாத முகத்தோடு கூட்டைக் கழற்றினாள். “எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணா. மார்கழிக் குளிரில் எதற்கு எதிரே இந்த விசிறி?” என்று கேட்டுக்கொண்டே எழுந்துபோய் அதை நிறுத்தினாள்.