மட்டையின் வலி

பேடல் என்னும் ஆட்டத்தை வாசக நண்பர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கக் கூடும். 1969இல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா என்பவர் தம் வீட்டில் அமைத்த களத்தில் பிறந்தது. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பின்புறம் சுவர், இப்போது பெரும்பாலும் கண்ணாடி. தரையில் ஒருமுறை பட்ட பந்து சுவரில் மோதித் திரும்பினாலும் எடுத்து ஆடலாம். மட்டையில் நரம்புகள் கிடையா. துளையிட்ட தடித்த பலகை போலிருக்கும். சென்னையில் இதற்குக் களங்கள் வந்துவிட்டன.

சேவூரில் தறிச்சத்தம் ஓய்ந்த மாலைகளில் நாம் ஆடுவது பூப்பந்து. ஆயினும் சென்னையில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர், சென்ற பொங்கலுக்கு வந்தபோது, புதிய பேடல் மட்டையொன்றை நம் கையில் தந்து, "அடிச்சு ஆடுறவங்களுக்குன்னே செஞ்சதாம் ஐயா, பார்த்துச் சொல்லுங்க" என்றார். பிறகு சென்னை சென்றிருந்தபோது ஒரு மாலை முழுதும் அதைக் கொண்டு ஆடிப் பார்த்தோம்.

எடை 365 கிராம். அது பெரிதன்று, எடை எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. விரல்மேல் கிடத்தினால் தலைப்பக்கம் சாய்கிறது. சுத்தியலைக் காம்பின் நுனியில் பிடிப்பதற்கும் இரும்பையொட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். வைர வடிவம், பந்து இனிதாகப் படும் இடம் மேலே ஏறியிருக்கிறது. கார்பன் முகம், உள்ளே கடினமான நுரை. தலைக்குமேல் வந்த பந்தை முழுவீச்சில் அறைந்தபோது, அது எதிர்ப்புறக் கண்ணாடியில் மோதி வலையைத் தாண்டி நம் பக்கமே திரும்பிவிட்டது. அப்படியோர் அடியைப் பூப்பந்தில் நாம் கண்டதில்லை. (30 கிராமைத் தாண்டாத கம்பளிப் பந்து எங்கே, அதைப்போல் இருமடங்கு கனக்கும் இந்த ரப்பர்ப் பந்து எங்கே!)

ஆனால் அத்தகைய அடிக்கு வாய்ப்பு எத்தனை முறை வருகிறது? மற்ற நேரமெல்லாம் சுவரடியில் குனிந்து, தாமதமாக வரும் பந்தைத் தூக்கிவிடும் வேலைதான். அங்கே பந்து மட்டையின் கீழ்ப்பாதியில் படுகிறது; அதிர்வு நேரே முழங்கைக்குப் போகிறது. அரைகுறையாக அறைந்தாலோ, பந்து கண்ணாடியில் பட்டு எதிராளிக்கு வாகாக எழும்பி நிற்கிறது. வள்ளுவர் 'வலியறிதல்' என்று அதிகாரம் வகுத்தபோது வலி என்றது வலிமையை. இன்றைய வழக்கில் அது நோவு. இம்மட்டைக்கு இரு பொருளும் பொருந்தும்.

மாணவர் நெசவுக் குடும்பத்தவர். தந்தைக்குப் பார்வை மங்கியதிலிருந்து, மாதம் இருமுறை ஊருக்கு வந்து, தறியில் நிற்கும் பாவை அவரே நெய்து கொடுக்கிறார். நாடாக் கயிற்றைச் சுண்டுவதும் வலக்கை, மட்டை பிடிப்பதும் வலக்கை.

"முழங்கை எப்படி இருக்கிறது, தம்பி?" என்றோம்.

"கயிறு சுண்டும்போது சுருக்குங்குது ஐயா. இது வாங்கினதிலேர்ந்துதான்."

மட்டையில் குறையில்லை, உம் கைக்கு ஆகாது என்று சொன்னோம். வட்ட வடிவில், எடை கைப்பிடிப் பக்கம் இறங்கிய, உள்நுரை மென்மையான ஒன்றை எடுக்கச் சொன்னோம். அவர் முகம் வாடியது. "அப்புறம் பாயின்ட் எப்படி முடிக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். முன்களத்தில் அடித்து முடிப்பவர் என்று அறியப்பட்டவருக்கு அது ஆட்டத்தை மட்டும் பற்றியதன்று. ஸ்பானியர் 'பந்தேகா' என்னும் ஓர் அடியை வைத்திருக்கிறார்கள். தட்டு ஏந்துவதுபோல் மட்டையைத் தூக்கி, பந்தைச் சீவித் தாழ்த்தி அனுப்புவது. அறையாமலே வலையருகில் இடம் பிடித்துக்கொள்ளலாம். அதைப் பழகும்படி சொன்னோம். தலையாட்டினார், மனமில்லாமல்.

மட்டையை அவர் இன்னும் விற்கவில்லை. நண்பரொருவரின் வட்ட மட்டையை இரவல் வாங்கி ஆடி வருகிறார். சென்ற மாதம் தறியில் அமர்ந்திருந்தவரிடம் கை எப்படி என்று கேட்டோம். குறைந்திருக்கிறது, போகவில்லை என்றார்.