மடிக்காமல் வெட்டிய துணி

சனிக்கிழமை பிற்பகல்களில் அந்த ஐந்தாம் மாடி வீட்டில் தையல் இயந்திரத்தின் ஓசை கேட்கும். அது பாட்டியின் இயந்திரம்; காலால் மிதித்து ஓட்டும் கறுப்பு நிறச் சிங்கர். இப்போது அதை மிதிப்பவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி.

1960களில் எடுத்த ஒரு புகைப்படம்தான் இதற்குக் காரணம். அதில் பாட்டி பஃப் கை வைத்த ரவிக்கையோடு நிற்கிறார். பேத்திக்கு அதேபோல் ஒன்று வேண்டும், கடைகளில் கிடைக்கவில்லை. பாட்டி பெட்டியின் அடியிலிருந்து அந்த ரவிக்கையையே எடுத்துக் கொடுத்தார். அளவு வாரியான காகித வெட்டுமாதிரிகள் அமெரிக்காவில் 1863ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. பாட்டியோ அவற்றை வாங்கியதே இல்லை. பழைய செய்தித்தாளும் அளவுநாடாவும் அவருக்குப் போதும். பேத்தியும் செய்தித்தாளை விரித்து, ரவிக்கையை அதன்மேல் வைத்துக் கோடு வரைந்தாள்.

முதல் முயற்சியில் கை உப்பவே இல்லை.

“கைத்துளையைவிடத் துணி அகலமா இருக்கணும்மா. மேல ரெண்டு வரி பெரிய தையலாப் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கு,” என்றார் பாட்டி.

சுருக்கங்கள் தோள் உச்சியில் நெருக்கமாக இருக்க வேண்டும். அக்குள் பக்கம் வரக்கூடாது. மூன்று முறை பிரித்துத் தைத்த பிறகே கை குமிழ்போல் எழுந்து நின்றது.

அதைப் பார்த்த தோழிகள் தங்களுக்கும் தைத்துத் தரும்படி கேட்டார்கள். சீனத் தோழி ஒருத்திக்கு, 1950களின் பாணியில் இடுப்பில் இறுகிக் கீழே குடைபோல் விரியும் கவுன். அது எளிதாக முடிந்தது. அடுத்த தோழியிடம்தான் சிக்கல்.

அவளுக்கு முதுகெலும்பில் சிறு வளைவு. அதனால் வலத் தோள் சற்று உயர்ந்திருக்கும். பொங்கல் விழாவுக்குச் சேலை கட்டும் ஆசையில், கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து அராப் ஸ்திரீட்டில் பச்சை நிறத் துணி வாங்கி வந்தாள். ரவிக்கையை அணிந்து பார்த்தபோது கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. இடக் கை நழுவியது.

“பரவாயில்லை, என் தோள்தான் கோணல். எந்தச் சட்டையும் எனக்கு இப்படித்தான்,” என்று சிரித்தபடியே அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதன்பின் இரண்டு வாரம் அவள் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

“தோள் கோணல் இல்ல. நீ வெட்டினதுதான் கோணல்,” என்றார் பாட்டி.

பேத்திக்குச் சுருக்கென்றது. அவள் கவனமாகத்தானே வெட்டினாள்! பொதுவாகத் துணியை இரண்டாக மடித்துத்தான் வெட்டுவார்கள். நேரம் மிச்சம், இரு பக்கமும் ஒன்றுபோல் வரும். ஒன்றுபோல் வந்ததுதான் இங்கே பிழை.

பாட்டி தம் பழைய ரவிக்கையை உட்புறமாகத் திருப்பினார். பக்கத் தையலுக்கு அப்பால் ஓர் அங்குலத் துணி மிச்சம் இருந்தது. அதில் மூன்று வரிசையாக ஊசித் துளைகள்.

“இது கல்யாணத்துக்கு முன்னாடி. இது உங்கப்பா பிறந்தப்புறம். இது காய்ச்சல்ல இளைச்சப்போ.”

பேத்தி தலைகுனிந்தாள். தோழியின் ரவிக்கையில் அவள் மிச்சத் துணியை எல்லாம் அழகுக்காக ஒட்ட நறுக்கியிருந்தாள். ஆயத்த ஆடைகளிலும் பெரும்பாலும் அப்படித்தானே! இனிப் பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லை.

மறுநாள் அவள் தன் சேமிப்பில் அதே பச்சைத் துணியை ஒரு மீட்டர் வாங்கினாள். அளவுநாடாவுடன் தோழியின் வீட்டுக்குச் சென்றாள். தோழி தயங்கினாள், பிறகு எழுந்து நின்றாள். இடுப்பிலிருந்து வலத் தோள்வரை ஓர் அளவு, இடத் தோள்வரை இன்னோர் அளவு. இரண்டுக்கும் 2 சென்டிமீட்டர் வேறுபாடு. இரண்டையும் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து துணியை மடிக்காமல் தரையில் விரித்து, வலத்தையும் இடத்தையும் தனித்தனியே வெட்டினாள்.

பொங்கலுக்கு முதல் நாள் தோழி அதை அணிந்துகொண்டு கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாள். கழற்றியபோதுதான் உட்புறத்தைக் கவனித்தாள்.

“உள்ளே ஏன் இவ்வளவு துணி விட்டிருக்கே?”

“வேணும்போது பிரிச்சுக்கலாம்,” என்றாள் பேத்தி.