மற்றவருக்கு எழுதிக் கொடுத்த குளிசை

படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "புத்தகத்தைத் திறந்தால் மனம் ஓரிடத்தில் நிற்குதில்லை" என்பார்கள். பெரியவர்களான எங்களுக்கும் இதே கதைதான். உலையை வைத்துவிட்டு அரிசி போட மறக்கிறோம். சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது பாதியில் மனம் வேறெங்கோ போய்விடுகிறது. இதற்கொரு குளிசை இருந்தால் நல்லது என்று நினைக்காதவர்கள் குறைவு. அப்படியொரு குளிசை எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதைப்பற்றி நான் அறிந்துகொண்டவற்றைச் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் என் அக்காவை இழந்தபோது அவளின் மகளுக்கு நாலு வயது. அன்றிலிருந்து பெறாமகள் என்னோடுதான் வளர்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தாள். முதல் தடவை பெறுபேறு போதவில்லை. இரண்டாம் தடவைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். தையல் மெசினில் நான் உழைக்கும் காசில் பாதி அவளின் ரியூசனுக்குப் போவது அவளுக்குத் தெரியும். அந்தப் பாரமே அவளை நித்திரை கொள்ள விடவில்லை.

ஒருநாள் ரியூசனால் வந்தவள் கடதாசியில் சுற்றிய நாலு குளிசைகளை எடுத்துக் காட்டினாள். கூடப் படிக்கும் பிள்ளையின் தம்பிக்குக் கிளினிக்கில் கொடுப்பதாம். "சின்னம்மா, இதைப் போட்டால் விடிய விடிய முழிச்சிருந்து படிக்கலாமாம். படிச்சது மறக்காதாம். கனபேர் போடுகினமாம்" என்றாள். எனக்கு ஏச மனம் வரவில்லை. ஒளிக்காமல் கொண்டுவந்து காட்டினாள் அல்லவா? "ஆஸ்பத்திரியில கேப்பம். அதுவரைக்கும் இது என்னட்ட இருக்கட்டும்" என்று வாங்கி வைத்தேன். அடுத்த கிழமை இருவரும் மனநலக் கிளினிக்குக்குப் போனோம்.

வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்த மருந்தின் பெயர் மெதில்பெனிடேற். 1944 இல் சுவிற்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற இரசாயனவியலாளர் இதனை உருவாக்கினார். றிற்றா என்று செல்லமாக அழைக்கப்பட்ட அவரின் மனைவியின் பெயரால் 'றிற்றலின்' என்று இது விற்பனைக்கு வந்தது. கவனக்குறைவும் மிகைச் செயற்பாடும் உள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல பலன் தரும் மருந்து. ஆனால் அந்தப் பிள்ளையின் வயது, நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துத்தான் அளவு தீர்மானிக்கிறார்கள். தொடர்ந்தும் கண்காணிக்கிறார்கள். அந்த நோய் இல்லாத ஒருவர் இதைத் தானாக எடுத்தால் நித்திரை கெடலாம், பசி அற்றுப்போகலாம், நெஞ்சு படபடக்கலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், பதற்றம் கூடலாம். சிலருக்குச் சந்தேகமும் மாயக் குரல்களும் தோன்றுவதுண்டு. இதயக் கோளாறு இருப்பதை அறியாதவருக்கு இன்னும் ஆபத்து. தொடர்ந்து எடுத்தால் அதற்கு அடிமையாகவும் கூடும்.

"அப்ப படிப்புக்காவது உதவாதோ டொக்டர்?" என்று பெறாமகள் கேட்டாள். விழிப்பைத் தரும், ஆனால் விளக்கத்தைத் தராது என்றார் அவர். வீட்டுக்கு வந்தபின் அவளே தேடி வாசித்து எனக்கு ஒரு விடயம் சொன்னாள். 2023 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 18 முதல் 35 வயது வரையான, நோயில்லாத 40 பேருக்கு வெவ்வேறு நாட்களில் இந்த மருந்தையும், இதுபோல் விழிப்பூட்டும் வேறு இரண்டு மருந்துகளையும், மருந்தில்லாத வெறும் குளிசையையும் கொடுத்துக் கடினமான புதிர்களைச் செய்வித்தார்கள். மருந்து எடுத்தபோது அவர்கள் கூடுதல் நேரம் பாடுபட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டுக்கேற்ற பலன் கிடைக்கவில்லை, வேலையின் தரம் குறைந்தது. வெறும் குளிசையோடு நன்றாகச் செய்தவர்களே மருந்தோடு பின்தங்கினார்கள்.

நித்திரையைத் துரத்தும் மருந்துகளுக்கும் யுத்தத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் படையினருக்குக் களைப்புத் தெரியாமல் இருக்க 'பேர்விற்றின்' என்ற கடுமையான குளிசை 1940 இல் கோடிக்கணக்கில் வழங்கப்பட்டது. அடுத்த வருடமே அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. யப்பானில் அதே மருந்து யுத்தம் முடிந்த பின்னர் பொதுமக்களிடம் பரவிப் பலர் அடிமையானதால் 1951 இல் தனிச்சட்டமே போட்டார்கள். யுத்தத்தின் களைப்பைக் குளிசையால் மூடி வைக்கப் பார்த்த நாடுகள் அதற்குக் கொடுத்த விலை இது.

எங்கள் பிள்ளைக்கு உண்மையில் என்ன குறை? வைத்தியர் கேட்கக் கேட்கத்தான் வெளியே வந்தது. இரவில் நாலு மணித்தியாலமே நித்திரை. வெடிச்சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழும்புகிறாள். காலையில் சாப்பிடுவதில்லை. குருதியைச் சோதித்தபோது இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது. படித்தது மனதில் பதிவதற்கு நித்திரை வேண்டும் என்பதையும், இரத்தச்சோகையும் மனக்காயமும் கவனத்தைக் குலைக்கும் என்பதையும் அன்றுதான் நாங்கள் சேர்த்து விளங்கிக்கொண்டோம். உளவளத்துணையாளர் ஒருவரிடம் அவளைச் சேர்த்தார்கள். தாயைப்பற்றி அவள் வாய்விட்டுக் கதைத்தது அங்கேதான்.

இப்போது பத்தரைக்கு விளக்கை அணைத்து விடிய நாலரைக்கு எழும்புகிறாள். முருங்கையிலைச் சுண்டல், பயறு, நெத்தலி என்று இயன்றதைச் செய்துகொடுக்கிறேன். பெறுபேறு எப்படி வருமோ தெரியாது. ஆனால் பக்கங்களைப் புரட்டிவிட்டு அழுகிற இரவுகள் குறைந்துவிட்டன.

அந்த நாலு குளிசைகளையும் நாங்கள் திருப்பிக் கொடுத்தோம். அவை இல்லாவிட்டால் அந்தச் சிறுவனுக்கு நாலு வேளை மருந்து இல்லாமல் போயிருக்கும்.

சகோதரிகளே, எங்களில் பலர் மனநலக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறோம். அதில் வெட்கம் எதுவும் இல்லை. இக்கட்டுரையை வாசித்துப் பயந்து அதனை நிறுத்திவிடவும் வேண்டாம். வைத்தியர் சொல்லும்வரை ஒழுங்காக எடுங்கள். ஆனால் உங்கள் குளிசையை, அது நித்திரைக்கானதாக இருந்தாலும் மனச்சோர்வுக்கானதாக இருந்தாலும், பக்கத்து வீட்டாருக்கோ பிள்ளைகளுக்கோ கொடுக்காதீர்கள். அவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்திருங்கள். உங்கள் பிள்ளை "மனம் நிற்குதில்லை" என்று சொன்னால் எத்தனை மணிக்குப் படுக்கிறது, என்ன சாப்பிட்டது, எதை நினைத்து அழுகிறது என்று முதலில் பக்கத்தில் இருந்து கேளுங்கள். உங்களுக்குச் சமாளிக்க முடியாதென்றால் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கதைக்கலாம்.